நாத்தனார் தோளில் உட்கார்ந்த கிளி

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். கொடைக்கானலிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பேரிக்காயும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குவார். அங்கிருந்து அரிசி, மண்ணெண்ணெய், சிமிண்டு என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு மேலே வருவார். ஒரு மாசி மாதத்தில் அப்படி வந்தவர், தலைத்துண்டைப் பொட்டலமாகச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மலைப்பாதை முழுக்க அதை என்ஜின் மூடியின் மேல் கதகதப்பாக வைத்துக்கொண்டு வந்தாராம். பிரித்தால் உள்ளே ஒரு கிளிக்குஞ்சு. அவர் சொன்னதால்தான் அது கிளி. பார்வைக்கு உரித்த கோழியின் கழுத்துத் துண்டு மாதிரி இருந்தது. இறக்கை வரவேண்டிய இடத்தில் பச்சை முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

வத்தலக்குண்டுப் பக்கம் பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டிச் சாய்த்தபோது பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தனவாம். இரண்டு அங்கேயே செத்துவிட்டன. மிச்சமிருந்ததை இவர் கேட்டு வாங்கி வந்துவிட்டார். "இந்தா, பிடிங்க" என்று நீட்டினார். யாருக்கு என்று சொல்லவில்லை. வாசலில் நானும் நின்றேன், அவருடைய தங்கையும் நின்றாள். நான்தான் முதலில் கையை நீட்டினேன். இன்றைக்கும் அதை அடித்துச் சொல்வேன்.

அந்த வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான். பஜாருக்குக் கீழே சரிவில் தகரக் கூரையும் பலகைத் தரையுமாக இரண்டு அறை. மாமனார் மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாத்தனாருக்குப் பதினேழு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், அங்கேயே கற்றுக்கொண்ட பின்னல் வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். ஸ்வெட்டர், குல்லா, குழந்தைகளுக்குக் காலுறை. பஜாரில் ஒரு பாய் கடையில் வாங்கிக்கொள்வார்கள். நல்ல பெண்தான். ஆனால் ஒன்று கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும்.

நான் பழனிக்காரி. மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டும் பஞ்சாமிர்தமும் விற்கிற கடை எங்களுடையது. வெயிலிலும் கூட்டத்திலும் கூச்சலிலும் வளர்ந்தவளுக்கு, பகல் மூன்று மணிக்கே மேகம் வந்து வாசலை மூடிக்கொள்கிற ஊர் இரண்டு வருடமாகியும் பிடிபடவில்லை. அவருக்கு வாரத்தில் நாலு நாள் லாரியிலேயே கழிந்துவிடும். வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. எனக்கென்று அந்த வீட்டில் ஒன்றுமே இல்லையே என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் குஞ்சு வந்தது. அதனால் அதை நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

குளிர் ஊரில் கீழ்நாட்டுக் கிளியை வளர்ப்பது லேசுப்பட்ட சோலி இல்லை. கொடைக்கானலில் அந்த ஜாதிக் கிளி தானாக வந்து வாழாது. பழைய பிஸ்கட் தகரத்துக்குள் நாத்தனாரின் கம்பளி நூல் மிச்சத்தையெல்லாம் திணித்து மெத்தையாக்கினேன். பக்கத்தில் கும்பட்டி அடுப்பில் கரி கனிந்துகொண்டே இருக்க வேண்டும். அதிகம் வைத்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அணையவிட்டால் சில்லிட்டுப் போகும். கன்னத்தில் ஒட்டி ஒட்டி வைத்துச் சூடு பார்ப்பேன். பொட்டுக்கடலை மாவை வெந்நீரில் கூழாகக் கரைத்து இரண்டு மணிக்கு ஒரு தரம் ஊட்டினேன். எதில் ஊட்டினேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணச் சீரோடு என் அம்மா ஒரு வெள்ளிப் பாலாடை வைத்து அனுப்பியிருந்தாள், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பால் புகட்ட. இரண்டு வருடமாகத் துணி சுற்றிப் பெட்டியில் கிடந்ததை எடுத்துத் தேய்த்துக் கிளிக்கு வைத்தேன்.

பாலாடையின் மூக்கு அதன் வாயில் பட்டதும் தலையை ஆட்டி ஆட்டி விழுங்கும். கழுத்துக்குக் கீழே இரைப்பை கோலிக்குண்டு மாதிரி புடைத்ததும் நிறுத்திக்கொள்வேன். ஒரு வாரத்தில் கண் நன்றாகத் திறந்தது. இரண்டு வாரத்தில், சமையற்கட்டிலிருந்து நான் நடந்து வரும்போது பலகை கிறீச்சிடுகிற சத்தத்துக்கே தகரத்துக்குள்ளிருந்து கத்த ஆரம்பித்துவிடும். நாத்தனார் நடந்தால் கத்தாது. அதே பலகைதான். நான் வேண்டுமென்றே இரண்டு நடை கூடுதலாக நடந்து காட்டுவேன்.

பங்குனி உத்திரம் வந்தது. கடை வைத்திருக்கிற எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உத்திரத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் வந்துவிட வேண்டும். விருந்துக்கு இல்லை, வேலைக்கு. தீர்த்தக் காவடி எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். வாழைப்பழம் உரித்துப் பிசைய, தட்டு அடுக்க, சில்லறை கொடுக்க என்று பத்துக் கைகள் இருந்தாலும் காணாது. போகாமல் இருந்தால் என் அண்ணன் வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். கிளியைக் கூடவே தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் மிதிபட்டுச் சாகும் என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். பாலாடையை நாத்தனார் கையில் கொடுத்து, எத்தனை தரம், எவ்வளவு சூடு என்று பாடம் மாதிரி ஒப்பித்துவிட்டுக் கிளம்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். கையில் பஞ்சாமிர்த டப்பா, உடம்பு முழுக்க அலுப்பு. பலகையை வேகமாக மிதித்துக்கொண்டே உள்ளே போனேன். தகரம் காலியாக இருந்தது. கிளி நாத்தனாரின் தோளில் உட்கார்ந்திருந்தது. முள்ளெல்லாம் இறகாகி, வால் நீண்டு, மூக்கு சிவந்து, அப்படி ஒரு அழகு. அவள் பின்னிக்கொண்டிருந்தாள். அது அவள் காதோரத்து முடியை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கால் நீவிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலில் ரத்தம் வரக் கடித்தது.

"மறந்துருச்சு போல, மதினி. ரெண்டு நாள்ல பழகிரும்" என்றாள் நாத்தனார். அவள் குரலில் வருத்தம்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பதாகப் பட்டது.

ரெண்டு நாள் இல்லை, ரெண்டு மாதமாகியும் பழகவில்லை. அவள் எங்கே உட்கார்ந்தாலும் அங்கே தோளில் இருக்கும். அவள் ஏரிப் பக்கம் போனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும். அவள் கொடுத்தால் வெறும் மிளகாய்ப் பழத்தைக்கூடக் காலில் பிடித்து விதை விதையாகத் தின்னும். நான் கொய்யாப் பழம் கொடுத்தேன், கீழே போட்டது. மாதுளை உதிர்த்து வைத்தேன், கிண்ணத்தைக் கவிழ்த்தது. பழனிப் பஞ்சாமிர்தம் சாமி பிரசாதம், அதையாவது மதிக்குமா என்று பார்த்தேன். காலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதற்கு என்னைத்தான் திட்டுகிற மாதிரி கத்தியது. வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்குப் பொறாமை என்று அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். நன்றி கெட்ட பறவை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நாத்தனார் எதைச் செய்தாலும் எனக்குக் குற்றமாகப் பட்டது. ரசத்தில் உப்புக் குறைந்தால் அவள்தான். கரி ஈரமானால் அவள்தான். கிளி எச்சமிட்ட அவளுடைய ஸ்வெட்டரை என் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டேன் என்று தனியாகத் தூக்கிப் போட்டேன். அவளே எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தாள்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது, கழற்றி வைத்திருந்த அவளுடைய நீல ஸ்வெட்டரைப் பார்த்தேன். கிளிக்கு ஆளைத் தெரியுமா, கம்பளியைத்தான் தெரியுமா என்று சந்தேகம். எடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவள் முக்காலியில் உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தேன். எனக்குப் பின்னல் தெரியாது, சும்மா ஒன்றோடு ஒன்றைத் தட்டினேன். வெளியே மேகம், உள்ளே மங்கல். ஒரு நிமிஷத்தில் தோளில் மெத்தென்று வந்து உட்கார்ந்தது. அதன் நகம் கம்பளிக்குள் பதிந்தது. என் காதோரத்து முடியை எடுத்து நீவ ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அசையாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "என் தங்கமே" என்றேன். குரலைக் கேட்டதும் முடியை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் நாத்தனார் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அவளுடைய ஸ்வெட்டரில், என் காதில் தொங்குகிற கிளியோடு, நான் அவள் முன்னால் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. கிளியை மெதுவாகப் பிரித்து எடுத்துவிட்டு, காதுக்கு மஞ்சள் வைத்துவிட்டாள். சிரித்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

ஆனி மாதத்தில் கிளி பேசியது. முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மதினி." வீட்டுக்காரர் கை தட்டினார், உன்னைத்தான் கூப்பிடுகிறது, இனிமேல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்றார். அவருக்கு என்ன தெரியும்? நாத்தனார் ஒரு நாளைக்கு நூறு தரம் என்னை அப்படிக் கூப்பிடுவாள். அதே இழுப்பு, கடைசியில் அதே இறக்கம். அவளுடைய குரல்தான் அதன் தொண்டையில் இருந்தது. என் குரலில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இனி வீட்டில் இரண்டு பேர் என்னை மதினி என்று கூப்பிடுவார்கள், இரண்டு பேரும் அவள் பக்கம், என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டர் பழம் வரும். வெண்ணெய்ப் பழம் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம் ஜனங்கள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, என்ன பழம் அது? பங்களாக்களின் சமையல்காரர்கள்தான் கூடையோடு வாங்கிப் போவார்கள். அவர்களில் ஒருவர் சந்தையில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். துரைசானி தன் பிள்ளைகளுக்கு இதைத்தான் பிசைந்து சர்க்கரை போட்டு ஊட்டுகிறாளாம். நெய்யைவிடச் சத்தாம். ஊட்டுகிறாள் என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. மிளகாய்ப் பழம் கொடுக்கிறவளுக்கு இதைக் கொடுக்கத் தெரியாது என்று நினைத்தேன். வாங்கினேன். விற்ற பெண் யாருக்கு என்று கேட்டாள். வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னேன்.

காய் கல் மாதிரி இருந்தது. நாத்தனாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். மூன்று நாளில் பழுத்தது. வீட்டுக்காரர் லாரியில் கீழே போயிருந்தார். புதன்கிழமை மத்தியானம் நாத்தனார் பின்னி முடித்த ஸ்வெட்டர்களை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு, பழத்தைச் சர்க்கரை போட்டுப் பாலாடையில் வழவழவென்று பிசைந்து கிளியிடம் நீட்டினேன். பாலாடையைப் பார்த்ததும் அதற்குப் பழைய ஞாபகம் வந்ததோ என்னவோ, தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. குஞ்சாக இருந்தபோது செய்த மாதிரியே. தின்று முடித்ததும் பிடரியைக் குனிந்து காட்டியது. சொறிந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டது. அந்த ஊருக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் நாத்தனார் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மிச்சப் பழத்தையும் கொடுத்தேன். அன்று கொஞ்சம் மந்தமாகத்தான் வாங்கிக்கொண்டது. சாயங்காலம் இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, ராத்திரியில் அடைக்கிற கூண்டின் அடியில் போய் உட்கார்ந்தது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. நாத்தனார் அதைத் தன் நீல ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு கும்பட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கரிப்புகைக்கு அவள் கண் எரியும். அதனால் தினமும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது அவள் பழக்கம். கிளிக்கு ஆகாது, திறக்காதே என்று அவள் அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் முகம் கழுவப் போனபோது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கடிக்கவில்லை. என் விரலைக் காலால் பிடித்துக்கொண்டு, தலையை என் உள்ளங்கையில் வைத்தது. கடைசியில் என்னிடம் வந்துவிட்டாய் பார் என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவள் திரும்பி வருவதற்குள் அது கனம் குறைந்து போயிருந்தது.

மத்தியானம் லாரி வந்தது. அவர் கிளியைப் பார்த்தார், பிறகு ஒரு சாண் திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தார். "மேகம் உள்ள வருது, தெறக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்? ஒன்னாலதான் செத்துச்சு" என்றார் தங்கையிடம். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். நான் சமையற்கட்டில் நின்றுகொண்டு பாலாடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தரமாக. பழத்தைப் பற்றி அப்போதே எனக்குச் சந்தேகம் வந்ததா என்றால், வந்தது. சந்தேகம் இல்லாதவள் எதற்குத் தோலையும் கொட்டையையும் முதல் வேலையாகக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிகிறாள்?

அவர் தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். அவளிடம் அதுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேச்சு இல்லாமலே மாப்பிள்ளை பார்த்தார், பேச்சு இல்லாமலே தை மாதத்தில் வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தார். அவள் புறப்பட்டபோது அண்ணன் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

அடுத்த ஆவணியில் சந்தையில் பழம் விற்கிற பெண், பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அது பிள்ளையில்லை, கிளி என்று சொன்னேன். அவள் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "கூண்டுக் கிளிக்கு இதக் குடுக்கலாமாம்மா? எங்க தோட்டத்துல வளத்த ரெண்டு கிளி இதத் தின்னுதான் செத்துச்சு" என்றாள். நான் வீட்டுக்கு வந்து பாலாடையைப் பழையபடி துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். பிற்பாடு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. சங்கில் ஊட்டித்தான் வளர்த்தேன்.

கிளி செத்து எட்டு, ஒன்பது வருடம் இருக்கும். எங்கள் மூத்தவளுக்குக் காது குத்துக்கு நாத்தனார் கைக்குழந்தையோடு மேலே வந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் அதற்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள், ஆனால் விருந்தாளிப் பேச்சு. பஸ் நெருக்கமா, மழை உண்டா, அவ்வளவுதான். குளிர் தாங்காமல் அவள் குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது. மருந்து கொடுக்கப் பாலாடை கேட்டாள். இல்லை என்றேன்.

"பெட்டியில இருக்குமே மதினி" என்று அவளே போய் எடுத்து வந்தாள். துணியைப் பிரித்து, விளிம்பை விரலால் தடவினாள். "கிளிக்கு ஊட்டுனதுதான இது" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். சந்தை, அரிசிப் பானை, சர்க்கரை, இரண்டு நாளும் அவள் வெளியே போகிற நேரம் பார்த்துக் கொடுத்தது, எல்லாவற்றையும். அவள் குழந்தையை மடியில் சாய்த்து, மருந்தைப் பாலாடையில் ஊற்றி, மூக்கைப் பதமாக வாயில் வைத்து ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும் மதினி" என்றாள். "மூக்கோரத்துல பட்டர் பழம் பச்சையும் கறுப்புமா காஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. அண்ணன் வர்றதுக்குள்ள நாந்தான் ஈரத்துணி வச்சு வெரசாத் தொடச்சுவிட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி என்ன செய்ய? நீங்க அண்ணன்கூடக் கடைசி வரைக்கும் இருக்கணும். நான் எப்பிடியும் போறவதான" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் காதோரத்து முடியைப் பிடித்து இழுத்தது.

அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது அழுதிருக்க வேண்டும். நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் நான் ஊரில் இல்லாததால் கிளி மறந்துவிட்டது, அவள் மயக்கிவிட்டாள் என்றெல்லாம் அத்தனை வருடமும் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கிளி ஒன்றும் ஏமாறவில்லை. வீட்டில் இருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தோளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில்கூட எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது.